போஷ் என்ற சொல்லுக்கு யார் டிக்கெட் எடுத்தது?

போன மாசம் ஆபீசில் வருடாந்திர போஷ் பயிற்சி நடந்தது. ஐ.டி. கம்பெனியிலோ வங்கியிலோ வேலை பார்க்கிறவர்களுக்கு இது என்னவென்று சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காக ஒரு வரி: பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்க 2013-ல் கொண்டுவந்த சட்டத்தைத்தான், ஆங்கிலத்தில் முதலெழுத்துகளைச் சேர்த்து 'போஷ்' என்று சுருக்கிவிட்டார்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடமென்றால் புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு ஒன்று இருந்தாக வேண்டும். 1997-ல் உச்ச நீதிமன்றம் விசாகா வழக்கில் கொடுத்த நெறிமுறைகள்தான் இதற்கெல்லாம் அஸ்திவாரம். பயிற்சி நன்றாகவே இருந்தது, அதைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை.

நடுவில் டீ இடைவேளை. புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் பிஸ்கெட்டைக் கடித்துக்கொண்டே பயிற்சியாளரிடம் கேட்டான்: "மேடம், போஷ்னா பணக்காரத்தனமா, ஸ்டைலா இருக்கிறதுதானே? இந்தச் சட்டத்துக்குப் போயி அந்தப் பேரா?"

அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். அந்த போஷும் ஒரு சுருக்கம்தானாம். வெள்ளைக்காரன் காலத்தில் லண்டனிலிருந்து இந்தியாவுக்குக் கப்பலில் வருவார்கள் இல்லையா, வரும்போது இடது பக்கத்து அறை, திரும்பிப் போகும்போது வலது பக்கத்து அறை, இரண்டுமே வெயில் படாத பக்கம். அதற்குக் கூடுதல் கட்டணம். அப்படி எடுத்த டிக்கெட்டில் 'போர்ட் அவுட், ஸ்டார்போர்ட் ஹோம்' என்பதன் முதலெழுத்துகளை, அதாவது பி.ஓ.எஸ்.எச். என்று முத்திரை குத்துவார்கள். அப்படி வந்ததுதான் போஷ்.

சுற்றி நின்ற எல்லோரும் "ஓ!" என்றார்கள். நான் டீயைக் குடித்துக்கொண்டு பேசாமல் நின்றேன். இதே கதையை, இதே ஏற்ற இறக்கத்தோடு, இருபது வருடமாகக் கண்ட இடத்திலெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். பொய் என்று தெரியவந்தது பிற்பாடுதான்.

எனக்கு இதைச் சொன்னது பெரியப்பா. சென்னைத் துறைமுகத்தில் சரக்கு கிளியரிங் வேலை பார்த்தவர். லீவுக்குப் போனால் ராஜாஜி சாலைப் பக்கம் கூட்டிக்கொண்டு போய், ரோட்டிலிருந்தே தெரிகிற கப்பல்களைக் காட்டி, "தம்பி, கப்பல்ல இடது வலதுன்னு சொல்லப்படாது, நீ எந்தப் பக்கம் திரும்பி நிக்கிறியோ அதுக்கேத்த மாதிரி மாறிடும் பாரு, அதனால கப்பல் மூக்கைப் பாத்து நின்னா இடது போர்ட், வலது ஸ்டார்போர்ட்" என்று ஆரம்பிப்பார். அங்கிருந்து நேராக இந்தக் கதைக்குத்தான் வண்டி வந்து நிற்கும். கையால் கிழக்கே காட்டுவார், சூரியனைக் காட்டுவார், கடைசியில் உள்ளங்கையில் முஷ்டியால் ஒரு முத்திரை குத்துவார். பத்து வயதுப் பையனுக்கு அதைவிட என்ன நிரூபணம் வேண்டும்?

அவர் சொன்னதில் பாதி சரிதான். பழைய வடக்கு ஐரோப்பியப் படகுகளில் திருப்புகிற துடுப்பு வலது பக்கம் இருந்தது, அதனால் அது 'ஸ்டீர்' பண்ணுகிற பக்கம், ஸ்டார்போர்ட். துடுப்பு அடிபடாமல் இருக்க இடது பக்கத்தைக் கரையில் அணைத்து நிறுத்துவார்கள், அது போர்ட். முன்பு அந்த இடது பக்கத்துக்கு 'லார்போர்ட்' என்று பெயர். புயலில் கத்துகிறபோது லார்போர்டும் ஸ்டார்போர்டும் ஒரே மாதிரி காதில் விழுந்தால் என்ன ஆகும்? 1844-ல் பிரிட்டிஷ் கடற்படைத் தலைமை, இனி போர்ட் என்றுதான் சொல்ல வேண்டும் என்று உத்தரவே போட்டது.

சரி, வெயில் கணக்கு? இதை ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் வைத்துப் போட்டுப் பார்த்தேன். மகளின் உலக உருண்டை, கரண்ட் போனால் எடுக்கிற டார்ச், கப்பலுக்கு ஒரு தீப்பெட்டி. தீப்பெட்டியின் இடது பக்கத்தில் பேனாவால் புள்ளி வைத்துக்கொண்டோம். மத்தியதரைக் கடலில் கப்பல் கிழக்கே வருகிறது, புள்ளி வடக்கே பார்க்கிறது, நிழல். சூயஸ் தாண்டிச் செங்கடலில் தென்கிழக்காக இறங்கும்போது புள்ளி கிழக்கே திரும்பிவிடுகிறது, காலை வெயில் படும்தான், ஆனால் உயிரை எடுக்கிற பிற்பகல் வெயில் எதிர்ப்பக்கம். ஏடனைத் தாண்டி பம்பாய்க்குத் திரும்பினால் மறுபடி வடக்கு. திரும்பிப் போகும்போது தீப்பெட்டியைத் திருப்பி வைத்தால் எல்லாம் அப்படியே வலது பக்கத்துக்கு மாறுகிறது. "கரெக்டாத்தானேப்பா வருது?" என்றாள் மகள்.

கரெக்டாகத்தான் வருகிறது. குளிர்காலத்தில் மட்டும். சித்திரை பத்து தேதிவாக்கில் சென்னையில் உச்சி வெயில் நேர் தலைக்கு மேல் வரும், அதற்குப் பிறகு ஆவணி பிறக்கும் வரை நடுப்பகல் சூரியன் நமக்கு வடக்கே சாய்ந்துதான் நிற்கும். வடக்கு ஜன்னல் வழியாக வெயில் உள்ளே விழுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஏடனும் கிட்டத்தட்ட சென்னையின் அட்சரேகைதான். ஆக, அந்த மாதங்களில் அரபிக் கடலில் வடக்குப் பக்கத்து அறைக்குக் கூடுதல் காசு கொடுத்தவன் ஏமாளி. ஆனால் வெள்ளைக்காரர்கள் பெரும்பாலும் மழைக்காலம் முடிந்து ஐப்பசி, கார்த்திகையில் வந்து, வெயில் முற்றுவதற்குள் பங்குனியில் கிளம்புகிறவர்கள். அவர்களுக்குக் கணக்கு பொருந்தும். இந்தக் கதை இத்தனை காலம் உயிரோடு இருப்பதே அதனால்தான். நன்றாக ஜோடிக்கப்பட்ட பொய்யில் நிஜத்தின் அளவு எப்போதும் அதிகம்.

இடிக்கிற இடம் வேறு. அந்தக் கப்பல்களை ஓட்டியது பி அண்ட் ஓ கம்பெனி. 1837-ல் ஸ்பெயின், போர்ச்சுகல் தபாலுக்காகத் தொடங்கி, 1840-ல் அரச சாசனம் வாங்கி, கிழக்கே வந்த கம்பெனி. 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்த பிறகு இந்தியப் பயணம் என்றாலே அவர்கள்தான் என்று ஆனது. பயணிகள் பட்டியல், கட்டண அட்டவணை, விளம்பரம், மெனு அட்டைகள் எல்லாம் தப்பிப் பிழைத்து வந்திருக்கின்றன. பி.ஓ.எஸ்.எச். முத்திரை குத்திய டிக்கெட் ஒன்றுகூடக் கிடைத்ததில்லை. அப்படி ஒரு வழக்கம் இருந்ததற்கு ஆதாரம் இல்லை என்று கம்பெனித் தரப்பே சொல்லிவிட்டது. பழைய டிக்கெட்டுக்கும் தபால்தலைக்கும் உயிரை விடுகிற சேகரிப்பாளர்கள் நிறைந்த நாடு இங்கிலாந்து. ஒரு டிக்கெட் இருந்திருந்தால் எப்போதோ ஏலத்துக்கு வந்திருக்கும்.

அதைவிடப் பெரிய இடி, தேதி. இந்தக் கப்பல் விளக்கம் முதன்முதலாக அச்சில் தலைகாட்டுவது 1935-ல், லண்டன் டைம்ஸ் இலக்கிய இணைப்புக்கு வந்த ஒரு வாசகர் கடிதத்தில். அதிலும் அமெரிக்கக் கப்பல்காரர்களின் சொல் என்றுதான் இருக்கிறது. இந்தியப் பயணத்தில் பிறந்த சொல்லென்றால், அந்தப் பயணத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாகக் கடிதமும் நாட்குறிப்பும் நாவலும் எழுதித் தள்ளிய மெம்சாகிப்களில் ஒருத்தராவது அதற்கு முன் சொல்லியிருக்க மாட்டாரா? முதலெழுத்துகளைச் சேர்த்துப் புதுச் சொல் பண்ணுகிற பழக்கமே ஆங்கிலத்தில் இருபதாம் நூற்றாண்டுக்கு முன் அபூர்வம். அப்படிப் பண்ணிய சொற்களுக்கு 'அக்ரோனிம்' என்ற பெயர் வந்ததே 1940 வாக்கில்தான். நமக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்களே, நார்த், ஈஸ்ட், வெஸ்ட், சவுத் நான்கையும் சேர்த்தால் 'நியூஸ்' என்று? அதுவும் இதே ஜாதிக் கதைதான். நியூ என்ற சொல்லுக்குப் பன்மை போட்டால் நியூஸ், அவ்வளவுதான் விஷயம்.

அப்படியானால் சொல் எங்கிருந்துதான் வந்தது? அகராதிகள் கையை விரிக்கின்றன, 'தோற்றம் உறுதியில்லை' என்று போட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்கின்றன. ஆனால் வழியில் விழுந்த தடங்கள் இருக்கின்றன. கப்பல் கதையைவிட எனக்கு அவை சுவாரசியம்.

1914-ல் பிரிட்டிஷ் ராணுவ வாழ்க்கையைப் பற்றி ஈ. சார்ல்ஸ் விவியன் என்பவர் எழுதிய புத்தகத்தில் போஷ் வருகிறது. காலாட்படைக்காரனைவிடக் குதிரைப்படைக்காரன்தான் சந்தர்ப்பம் கிடைக்கும்போதெல்லாம் போஷ் உடுப்பு மாட்டுவானாம். போஷ் உடுப்பு என்றால் என்ன? சர்க்கார் கொடுத்ததல்லாத, விதிமுறைக்குச் சரியாகப் பொருந்தாத, கொஞ்சம் உசத்தியான துணி. நம்மூரில் டிப்போவில் கொடுத்த தொளதொள காக்கியை மூட்டை கட்டி வைத்துவிட்டு, சொந்தக் காசில் டைலரிடம் இடுப்பைப் பிடித்துத் தைத்த காக்கியில் வருவார்களே, அந்த ரகம். பிரபுவைப் பற்றி அதில் பேச்சே இல்லை. சம்பளம் வாங்குகிற சிப்பாய் பண்ணுகிற ஷோக்கு அது.

நான்கு வருடம் கழித்து, 1918 செப்டம்பர் 25-ஆம் தேதி 'பஞ்ச்' இதழில் ஒரு கார்ட்டூன். அந்த வருடம்தான் பிறந்திருந்த விமானப்படையின் இளம் அதிகாரி ஒருவன், அங்கே போஷாகப் பொழுது போனது என்று அம்மாவிடம் அளக்கிறான். போஷ் என்றால் என்னடா என்று அம்மா கேட்கிறாள். 'ஸ்விஷ்' என்பதற்குக் கொச்சைச் சொல் என்று அவன் விளக்குகிறான். ஸ்விஷ்ஷும் கொச்சைதான் என்பது ஜோக். (அம்மாவை அவன் லத்தீனில் 'மேட்டர்' என்று கூப்பிடுகிறான். தமிழ்க் காதோடு படித்தால் அது தனி ஜோக்.) எனக்கு இதில் பிடித்தது அந்த அம்மாதான். வசதியான வீட்டு அம்மா, அவளுக்கே இந்தச் சொல் புரியவில்லை. கப்பல் முதல் வகுப்பில் பிறந்த சொல்லாக இருந்தால் அவளுக்கல்லவா முதலில் தெரிந்திருக்க வேண்டும்?

இன்னும் பின்னால் போகலாம். 1903-ல் ஆங்கில நகைச்சுவை எழுத்தாளர் வுட்ஹவுஸ் எழுதிய பள்ளிக்கூடக் கதை ஒன்றில் கேம்பிரிட்ஜிலேயே அசத்தலான வெய்ஸ்ட்கோட் என்கிற இடத்தில் 'புஷ்' என்ற சொல் வருகிறது. அது போஷ்தானா, அச்சுப்பிழையா என்று ஆராய்ச்சியாளர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். 1892-ல் கிராஸ்மித் சகோதரர்களின் நகைச்சுவைப் புத்தகத்தில் மர்ரே போஷ் என்று ஒரு பணக்காரன் வருகிறான், மூன்று ஷில்லிங் தொப்பி விற்றுச் சம்பாதித்தவன். அதே காலத்துக் கொச்சைமொழி அகராதிகளில் போஷ் என்றால் மினுக்குக்காரன், டாம்பீகப் பேர்வழி. கூடவே இன்னொரு பொருளும் போட்டிருக்கிறது. சில்லறைக் காசு.

1830-களிலேயே லண்டன் திருடர்களும் தெருவாசிகளும் காசை போஷ் என்றிருக்கிறார்கள். குறிப்பாக அரைப் பென்னி. ஏன் அரை? ரோமானி மொழியில் போஷ் என்றால் பாதி.

இங்கேதான் நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ரோமானி என்பது ஜிப்சிகள் என்று ஆங்கிலேயர் பெயர் வைத்த மக்களின் மொழி. ஆயிரம் வருடத்துக்கு முன்பு வட இந்தியப் பக்கமிருந்து மேற்கே நகர்ந்து, பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டன் போய்ச் சேர்ந்தவர்கள். யேக், துய், த்ரின், ஷ்தார், பாஞ்ச் என்று எண்ணுவார்கள், எண்ணிக் காட்டினாலே எந்த ஊர்க்காரர்கள் என்று தெரிந்துவிடும். பேனா நண்பரை 'பென் பால்' என்கிறோமே, அந்தப் 'பால்' அவர்களுடைய ப்ரால், அதாவது சகோதரன், சமஸ்கிருத ப்ராதாவின் வாரிசு. பாதியைக் குறிக்கிற அந்த போஷ், ஐரோப்பாவின் மற்ற ரோமானி வழக்குகளில் 'பஷ்'. அதன் மூலம் சமஸ்கிருத பார்ஶ்வ, பக்கம் என்று பொருள். இந்திக்காரர் அருகில் என்பதற்கு 'பாஸ்' என்கிறாரே, அதுவும் அதே சொல்தான். அதே பார்ஶ்வம் தமிழுக்கு வந்து பாரிசம் ஆனது. இப்போது யாரும் பாரிசம் என்று தனியாகச் சொல்வதில்லை. ஆனால் எங்கள் ஆத்தாவுக்கு ஒரு பக்கம் கையும் காலும் இழுத்துக்கொண்டபோது ஊர் வைத்தியர் திண்ணையில் உட்கார்ந்து சொன்ன சொல் காதிலேயே இருக்கிறது: பாரிசவாயு. பாதி உடம்பைப் பிடிக்கிற வாயு.

உடனே ஆங்கிலத்துக்கு போஷைக் கொடுத்ததே தமிழ்தான் என்று யாரும் ஃபார்வர்ட் தட்டிவிட வேண்டாம். தமிழ் அதைச் சமஸ்கிருதத்திலிருந்து வாங்கியது, ரோமானிக்கு அது தாய்வழிச் சொத்து. இருவருக்கும் ஒரே வீட்டுச் சாமான் போயிருக்கிறது, அவ்வளவுதான். அரைப் பென்னியிலிருந்து காசு, காசிலிருந்து காசுக்காரன், அவனிடமிருந்து பகட்டு என்று சொல் ஏறி வந்திருக்கலாம் என்பது ஊகம். முதல் படிக்குச் சான்று இருக்கிறது, கடைசிப் படியில் கைப்பிடி இல்லை. ஆனாலும் என் ஓட்டு இதற்குத்தான்.

இரண்டாவது ஓட்டு இருந்தால் 'சஃபேத்போஷ்' என்பதற்குப் போடுவேன். பாரசீகத்தில் போஷ் என்ற ஒட்டுக்கு உடுத்தியவன் என்று பொருள். சஃபேத்போஷ், வெள்ளை உடுத்தியவன், வசதியானவன், மரியாதைப்பட்டவன். பிரிட்டிஷார் ஆண்ட பஞ்சாபில் கிராமப் பெரியதனக்காரர்களுக்கு அது பட்டமாகவே இருந்தது. இந்தியாவில் பணிபுரிந்த சிப்பாய்கள் இங்கிருந்து மூட்டை கட்டிக்கொண்டு போன சொற்கள் கொஞ்சமா? காக்கி, பக்கா, 'தேகோ'வைத் திரித்த டெக்கோ (ஒரு பார்வை), 'விலாயத்தி'யைத் திரித்த பிளைட்டி (சொந்த நாடான இங்கிலாந்து). அந்த வரிசையில் போஷும், அதுவும் உடுப்பைப் பற்றிய சொல்லாக, குதிரைப்படைக்காரனின் வாயில் வருவது பொருத்தமாகத்தான் இருக்கிறது. காகிதத்தில் சாட்சி இல்லை, அதுதான் குறை. சஃபேத்போஷுக்குத் தமிழ் என்ன என்று யோசித்தால் தேடவே வேண்டியதில்லை, 'வெள்ளையும் சொள்ளையுமா' என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். வெள்ளையும் சொள்ளையுமாக ஒருவர் வந்து திண்ணையில் உட்கார்ந்தால், கட்சிக்காரராக இருக்க வேண்டும் அல்லது நிலத் தரகராக இருக்க வேண்டும்.

அரைக் காசோ, சிப்பாயின் உடுப்போ, இரண்டும் கீழிருந்து மேலே ஏறிய வழி. கப்பல் கதையில் மட்டும்தான் சொல் மேலேயே பிறக்கிறது, முதல் வகுப்பு அறையில், நிழல் பக்கமாக. ஒரு பகட்டான சொல் திருடன் பையிலிருந்த அரைப் பென்னியிலிருந்து வந்தது என்றால் அதற்குக் கௌரவக் குறைச்சல் இல்லையா? எவனோ ஒருவன் அதற்கும் ஒரு டிக்கெட் எடுத்துக் கொடுத்துவிட்டான். நம் பக்கம் ராஜ வம்சக் கதை இல்லாத குடும்பம் ஏதாவது இருக்கிறதா, சொல்லுங்கள்.

நாமும் இப்படி ஏற்றி இறக்கியவர்கள்தான். 'மைனர்' என்பது ஆங்கிலத்தில் உரிய வயது நிரம்பாதவன் என்ற வறண்ட சட்டச்சொல். ஜமீன் வாரிசு சின்னப் பையனாக இருந்தால் காகிதத்தில் மைனர். அந்தப் பையன்களின் ஆட்டபாட்டத்தைப் பார்த்த ஜனங்கள் அதைத் தூக்கிக்கொண்டு போய் சில்க் ஜிப்பா, கழுத்தில் தொங்கும் சங்கிலி, வாயில் வெற்றிலை என்று அலங்காரம் பண்ணி, ஐம்பது வயது ஆளையும் மைனர் ஆக்கிவிட்டார்கள். மைனர் செயின் என்று நகைக்கடையில் இன்றும் கேட்டால் எடுத்துப் போடுவார்கள். இங்கிலாந்து வக்கீல் ஒருவரிடம் மைனர் செயின் என்று சொல்லிப் பாருங்கள், குழந்தையைச் சங்கிலியால் கட்டிவைத்த வழக்கு என்று நினைத்துக்கொள்வார்.

போஷும் இங்கே வந்து வேறு ஆளாகிவிட்டது. இங்கிலாந்தில் அது மனிதர்களின் மேல் ஒட்டுகிற சொல், பேச்சை வைத்துச் சொல்வது. பாதி மரியாதை, பாதி கேலி. தன்னையே போஷ் என்று சொல்லிக்கொள்கிறவர் அநேகமாக போஷ் இல்லை. பீட்டர்பரோ கால்பந்து கிளப்புக்கே போஷ் என்று செல்லப்பெயர் உண்டு. 1921-ல் பாட் டிரல் என்ற மேலாளர் போஷான அணிக்கு போஷான ஆட்டக்காரர்கள் தேவை என்று சொன்னதிலிருந்து ஒட்டிக்கொண்டதாம். 2002-ல் கிளப் அதை வணிகச் சின்னமாகப் பதியப் போனபோது, பாடகியாக இருந்த காலத்தில் போஷ் ஸ்பைஸ் என்று பெயர் வாங்கிய விக்டோரியா பெக்காம் தரப்பிலிருந்து ஆட்சேபம் வந்தது. நம்மிடம் அது மனிதருக்கே ஒட்டுவதில்லை, மனைக்குத்தான். "சார், போஷ் ஏரியா சார், கார்ப்பரேஷன் தண்ணி" என்கிற தரகரின் வாயில் கேலி துளிகூட இருக்காது.

டீ முடிந்து திரும்பப் போய் உட்கார்ந்தோம். பயிற்சியாளரைத் தனியாகப் பிடித்து உண்மையைச் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். வேண்டாம் என்று விட்டுவிட்டேன். பெரியப்பா உயிரோடு இருந்தபோது அவரிடமும் சொல்லவில்லை. சாயங்காலம் கடைசிக் கேள்வித்தாளை நிரப்பினோம், இருபதுக்குப் பதினெட்டு எனக்கு. மறுநாள் காலையில் எச்.ஆர். பிரிவிலிருந்து மின்னஞ்சலில் சான்றிதழ் வந்தது. என் பெயர், தேதி, ஒரு கையெழுத்து. கீழே வலது மூலையில் ஊதா நிறத்தில் வட்டமாக ஒரு முத்திரை, அதன் நடுவில் எழுத்துக்கு எழுத்து புள்ளி வைத்து பி.ஓ.எஸ்.எச்.